நாய்க்கும் குதிரைக்கும் ஸ்கேன்: ஒரு எக்ஸ்ரேகாரனின் குறிப்புகள்

மனிதருக்கு எக்ஸ்ரே எடுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தேன். இருட்டறையில் படத்தை மருந்துத் தண்ணீரில் கழுவிக் கொடியில் காயப்போட்ட காலத்தில் தொடங்கி, படம் நேராகக் கணினித் திரைக்கு வரும் காலம் வரை அந்த அறைக்குள்தான் இருந்தேன். இப்போது ஓய்வு பெற்று கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் படம் பார்க்கிற வேலை விட்டபாடில்லை. தெருவில் யாருக்காவது முழங்கால் நோவென்றால் படத்தோடு வருவார்கள். கொஞ்ச வருசமாக நாய்ப் படங்களும் வருகின்றன. "இத ஒருக்காப் பாருங்க அண்ணன், உள்ளுக்கு என்னண்டு தெரியுதா?" என்று போனை நீட்டுவார்கள்.

நான் மிருக வைத்தியன் இல்லை. நாய்க்கு என்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது, சொல்வதுமில்லை. ஆனால் ஒரு படம் எப்படி உண்டாகிறது, அது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பது எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது ஒன்று. நாய்க்கெல்லாம் ஸ்கேனா என்ற சிரிப்பு இன்னொன்று. இரண்டாலும் பாதிக்கப்படுவது அந்த வாயில்லாத சீவன்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் இருக்கிறார். அவர் வளர்க்கும் சூட்டி ஒரு கட்டைக்கால் நாய். டாஷண்ட் சாதியும் ஊர் நாயும் கலந்தது. நீண்ட முதுகு, குட்டைக் கால், பெரிய நெஞ்சு. ஒரு நாள் காலையில் அது பின்னங்கால் இரண்டையும் நிலத்தில் இழுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தது. முதல் நாள் இரவு நன்றாக ஓடித் திரிந்த நாய்.

செய்தி பரவியதும் வேலிக்கு மேலால் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. வாதம் என்றார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் இன்னொருவர். சில பாம்புகளின் நஞ்சு நரம்பைக் கட்டிப்போடும் என்பதால் அது வீண்பேச்சும் இல்லை. "விசராயிருக்கும் அக்கா, கிட்டப் போகாதீங்க" என்றது ஒரு குரல். கடைசியில் ஒருவர், ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் புண்ணியம் என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. அது கல்நெஞ்சால் வந்த பேச்சில்லை. பின்கால் விழுந்த நாய் எழும்பாது என்றுதான் நம் சனம் பார்த்துப் பழகியிருக்கிறது.

மிருக வைத்தியர் வந்தார். பேராதனையில் படித்து வந்த இளம் பெண். அவர் முதலில் கேட்டது தடுப்பூசி அட்டையை. விசர் நோயில் வெறிகொண்டு கடிக்கும் வகை மட்டும்தான் நமக்குத் தெரியும். வாய் தொங்கி, எச்சில் வடிந்து, கால் சோர்ந்து ஒரு மூலையில் கிடக்கிற வகையும் உண்டு. உயிரோடு இருக்கும் நாயில் அதை உறுதிப்படுத்த எந்த ஸ்கேனாலும் முடியாது. நாய் இறந்த பிறகு தலையைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பி, மூளையைச் சோதித்துத்தான் சொல்வார்கள். சூட்டிக்கு வருசா வருசம் ஊசி போட்டிருந்தது. அட்டையும் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் அவர் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்தக் கருவியும் இல்லை. நாயின் இடுப்பைத் தாங்கிப் பிடித்து நிற்க வைத்தார். பின்னங்கால் பாதத்தை மடித்து, மேல்பக்கம் நிலத்தில் படும்படி வைத்தார். சுகமான நாய் அந்தக் கணமே பாதத்தைத் திருப்பி நேராக்கும். சூட்டி மடித்தபடியே வைத்திருந்தது. முன்னங்காலில் செய்தபோது உடனே நேராக்கியது. பிறகு இடுப்பிலிருந்து முன்பக்கமாக முதுகுத் தோலைக் கிள்ளிக்கொண்டே போனார். ஒரு இடம் வரைக்கும் அசைவே இல்லை. கடைசி விலா எலும்புக்குச் சற்று முன்னால் தோல் சிலிர்த்தது. "பிரச்சினை இந்த இடத்துக்குக் கிட்டத்தான் ஐயா" என்று விரலை வைத்துக் காட்டினார்.

கடைசியாக ஒரு இடுக்கியால் பின்கால் விரலின் எலும்பை அழுத்தினார். சூட்டி காலை இழுத்தது. அக்காவுக்குச் சந்தோசம். டொக்டர் தலையாட்டவில்லை. காலை இழுப்பது முண்ணாணின், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிற்றின், கீழ்ப்பகுதி மட்டும் செய்கிற வேலை, மூளைக்கு அந்த நோவு போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சூட்டி கிறுகிப் பார்த்துக் கத்தியது. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

அந்தக் கத்தலுக்கு எவ்வளவு பெறுமதி என்று பிறகு வாசித்தபோதுதான் விளங்கியது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் வெடித்து முண்ணாண் நசிந்த நாய்களில், ஆழமான நோவை உணர்கிறவை சத்திரசிகிச்சைக்குப் பிறகு மிகப் பெரும்பாலும் நடக்கின்றன. அந்த உணர்வு போய்விட்டால் சத்திரசிகிச்சை செய்தும் ஏறக்குறைய பாதிதான் நடக்கும். ஒரு இடுக்கியும் பொறுமையும் அவ்வளவு சொல்லிவிடும்.

அதற்குப் பிறகுதான் படம். லேசாக மயக்கி, பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்கக் கிடத்தி ஒன்று என்று இரண்டு படம் எடுத்தார்கள். மயக்குவது கொடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். நோவோடு இருக்கும் நாயை நாலு பேர் பிடித்து நெரிப்பதுதான் கொடுமை. முதுகு கொஞ்சம் திரும்பினாலும் டிஸ்க் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று மாறித் தெரியும், படம் பொய் சொல்லும்.

சூட்டியின் படத்தில் நெஞ்சுப் பகுதி முள்ளந்தண்டின் கடைசியில் ஒரு டிஸ்க் இடைவெளி ஒடுங்கியிருந்தது. அதுபோக வேறு மூன்று நாலு டிஸ்குகள் சுண்ணாம்பு படிந்து வெள்ளையாகத் தெரிந்தன. பார்க்கிறவர்களுக்கு அந்த வெள்ளைதான் கண்ணில் குத்தும். ஆனால் டாஷண்ட் இரத்தம் உள்ள நாய்க்கு அப்படி இருப்பது வழக்கம்; ஒரு வயதுக்குள்ளேயே அதன் டிஸ்குகள் காய்ந்து இறுகத் தொடங்கிவிடும். நாயின் 12ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு மேலதிகப் பிரதியாகப் புகுந்திருப்பதுதான் இதற்குக் காரணம் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். காலைக் குட்டையாக்குவதிலும் அதே பிரதிக்குப் பங்குண்டு. டொக்டர் ஏற்கெனவே விரல் வைத்துக் காட்டிய இடம் தெரிந்திருக்காவிட்டால், அந்த வெள்ளைத் தட்டுகளில் எது குற்றவாளி என்று ஊகித்துக்கொண்டே இருந்திருப்போம்.

எக்ஸ்ரேயின் எல்லையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1895 நவம்பரில் றொன்ட்ஜன் கண்டுபிடித்த நாள் முதல் இன்று வரை, சாதாரண எக்ஸ்ரே படம் பிரித்துக் காட்டுவது ஐந்து நிறங்களைத்தான்: காற்று, கொழுப்பு, தண்ணீர், எலும்பு, உலோகம். தசை, இரத்தம், ஈரல், மூளை, முண்ணாண் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் ஒரே சாம்பல். முண்ணாண் நசிந்திருக்கிறதா என்று கேட்டால் எக்ஸ்ரேக்கு வாய் இல்லை. எலும்பு தேய்வதைக்கூட அது தாமதமாகத்தான் சொல்லும். எலும்பின் சுண்ணாம்பில் 30 முதல் 50 வீதம் வரை போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

சி.ரி. ஸ்கேன் இந்தத் தடையைத் தாண்டியது. அதே கதிர்தான், ஆனால் உடம்பைச் சுற்றிப் பல கோணத்தில் எடுத்து, கணினி கணக்குப் போட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டி எலும்புக்கு ஆயிரத்தைத் தாண்டும். இந்த எண்களுக்கு ஹவுன்ஸ்பீல்டின் பெயர். பாட்டு இசைத்தட்டுகளால் எல்லோருக்கும் தெரிந்த ஈ.எம்.ஐ. கம்பனியில் வேலை செய்த பொறியியலாளர் அவர். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாக அந்த விதத்தில் படம் எடுத்தார்கள். 1979இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. என் தொழிலில் நான் மனதுக்குள் கும்பிடுகிற சிலரில் ஹவுன்ஸ்பீல்டும் ஒருவர்.

சூட்டிக்கு சி.ரி. எடுத்திருந்தால், சுண்ணாம்பு படிந்த டிஸ்க் துண்டு எந்தப் பக்கத்தில், எவ்வளவு தூரம் முண்ணாணை நெரிக்கிறது என்று சில விநாடிகளில் தெரிந்திருக்கும். கத்தி வைக்கிற வைத்தியருக்கு அது கட்டாயம் வேண்டும். எந்தப் பக்க எலும்பைத் திறப்பது என்று தெரியாமல் முள்ளந்தண்டில் கை வைக்க முடியாது. ஆனால் சூட்டிக்குக் கத்தி தேவைப்படவில்லை. நோவு உணர்வு இருந்தது, நிலைமை மோசமாகிக்கொண்டு போகவும் இல்லை. சி.ரி.க்காக மலைநாட்டுக்குக் கொண்டு போவதென்றால் செங்கலடிச் சந்தியில் திரும்பி, கரடியனாறு, மகா ஓயா, மஹியங்கனை தாண்டி, கண்டிக்கு ஏறும் மலைப்பாதையின் அந்தப் பதினெட்டு வளைவையும் ஏற வேண்டும். முதுகு நசிந்த நாயை வானில் குலுக்கிக்கொண்டு போவதே ஆபத்து. கட்டாயம் போக வேண்டி வந்தால் பலகையில் கிடத்திக் கட்டிக் கொண்டு போக வேண்டும் என்றார் டொக்டர்.

அதனால் கூட்டுக்குள் ஓய்வு. கோழிக்கூடு செய்கிற தம்பி ஒருவர் அளவெடுத்துக் கூடு அடித்துக் கொடுத்தார். சூட்டி அதற்குள் திரும்பலாம், படுக்கலாம், துள்ள முடியாது. நோவு மருந்து. அக்கா ஒரு நாளைக்குப் பல தடவை வயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றினார். அதைச் செய்யாவிட்டால் சிறுநீர்ப்பை நிரம்பிப் புண்ணாகிவிடும். வாரங்கள் போன பிறகு சூட்டி எழுந்தது. இப்போதும் வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் கொஞ்சம் சரியும். அது பெரிய விசயமில்லை.

இதே கதையின் மறுபக்கத்தை மெல்பேர்ணில் இருக்கும் என் மகளிடமிருந்து கேட்டேன். அவள் நாய் பெரியது, லப்ரடோர் கலப்பு. பூங்காவில் பந்துக்குப் பின்னால் ஓடும்போது ஒரு கத்தல், அடுத்த நிமிடம் வலது பின்கால் துணி போலத் தொங்கியது. அங்கேயும் வைத்தியர் முதலில் செய்தது பாதத்தை மடித்ததும் தோலைக் கிள்ளியதும்தான். மகள் வீடியோவில் காட்டியபோது, வவுணதீவு விறாந்தையில் நான் பார்த்த அதே வரிசை. அந்த நாய்க்கு ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது, முதுகைத் தொட்டால் நோவே இல்லை. அந்த இரண்டும் சேர்ந்ததும் வைத்தியருக்கு வேறு சந்தேகம் வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிரே இல்லை. பெரிய காந்தத்துக்குள் உடம்பை வைத்து, அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களை வானொலி அலையால் தட்டி, அவை திருப்பிக் கொடுக்கும் சைகையைப் படமாக்குகிறார்கள். வழக்கமான 1.5 டெஸ்லா இயந்திரம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30 ஆயிரம் மடங்கு பலமானது. தண்ணீர் சேர்ந்த இடம் பளிச்சென்று தெரியும் என்பதால் முண்ணாணுக்குள் உள்ள வீக்கத்தையும் காட்டும். அரை மணி, ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அதனால் நாய்க்கு முழு மயக்கம் கட்டாயம். கழுத்தில் வைத்த மைக்ரோசிப் அந்த இடத்துப் படத்தைக் கலைத்துவிடும் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். பிரச்சினை இடுப்புப் பக்கம் என்பதால் பாதகமில்லை.

படத்தில் டிஸ்க் எதுவும் முண்ணாணை நெரிக்கவில்லை. முண்ணாணுக்குள்ளேயே ஒரு பக்கத்தில் பளிச்சென்று ஒரு திட்டு. டிஸ்கின் சிறு துணுக்கு இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிட்டது. இந்த நோய்க்குச் சத்திரசிகிச்சையே கிடையாது. தண்ணீருக்குள் நடக்கவிட்டு, காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க நாய் தேறியது. வெளியிலிருந்து பார்த்தால் சூட்டிக்கும் இதற்கும் ஒரே வருத்தம், பின்கால் இழுபடுகிறது. உள்ளே இரண்டும் வேறு. டிஸ்க் என்று நினைத்து முதுகைத் திறந்திருந்தால் மகளின் நாய்க்கு வீண் காயம்தான் மிஞ்சியிருக்கும். வசதி உள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் கொடுக்கும் காசு வீணில்லை என்று நான் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

சரி, குதிரைக்கு வருவோம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் கோயில் திருவிழாவில் வரும் குதிரை வாகனம்தான். உயிருள்ளதைப் பார்க்க நெடுந்தீவுக்கோ, ஏப்ரலில் நுவரெலியா பந்தயத்துக்கோ போக வேண்டும். அக்காவின் மகன் மட்டும் விதிவிலக்கு. அவன் கட்டாரில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறான். முதலில் மாடு மேய்த்த கை என்பதால் குதிரைகள் அவனிடம் அடங்கி நிற்குமாம். எனக்கு எக்ஸ்ரே என்றால் ஆசை என்று தெரிந்து, அங்கு நடப்பதையெல்லாம் குரல் பதிவாக அனுப்புவான்.

ஒரு பந்தயக் குதிரை முன்காலில் நொண்டியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. "மாமா, மறுகா டொக்டர் செஞ்சதுதான் எனக்கு அதிசயம்" என்றான். குதிரையின் குதிகால் பக்கத்து நரம்பருகே மரக்கச்செய்யும் ஊசி போட்டு, சில நிமிடம் விட்டு, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். நொண்டல் மறைந்துவிட்டது. அப்படியென்றால் நோவு அந்த ஊசி போட்ட இடத்துக்குக் கீழே, குளம்புக்குள் இருக்கிறது. மறையாமல் இருந்திருந்தால் இன்னும் மேலே ஒரு ஊசி, அதற்கும் மேலே ஒன்று என்று ஏறிக்கொண்டே போவார்கள். குதிரை எங்கே நோகிறது என்று சொல்லாது. வைத்தியர் அதை ஊசியால் கேட்டு வாங்குகிறார். அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் குதிரையை எம்.ஆர்.ஐ. அறைக்கே கொண்டு போகமாட்டார்களாம். என் தொழிற்காலம் முழுவதும் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். என்ன சந்தேகம் என்று ஒரு வரி எழுதாமல் சீட்டு வரும்போது எடுக்கும் படம், அழகாக இருந்தாலும் அரைப் படம்தான். ஸ்கேன் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கையால் தேடிக் குறுக்கிக்கொண்டு வந்த கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும். குதிரைக்காரர்கள் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

குளம்பு பெரிய சவால். கெட்டியான பெட்டிக்குள் சின்ன எலும்பு, அதன் பின்னால் தசைநாண். அல்ட்ராசவுண்ட் அலை குளம்பைத் துளைத்துப் போகாது. எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. முன்னர் இப்படி நொண்டும் குதிரைகளுக்கெல்லாம் அந்தச் சின்ன எலும்பின் பெயரால் நாவிக்குலர் எலும்பு நோய் என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. வந்த பிறகு, அவற்றில் பலவற்றுக்கு அந்த எலும்புக்குப் பின்னால் ஓடும் தசைநாணில்தான் கிழிவு என்று தெரியவந்தது.

ஆனால் ஐந்நூறு கிலோ மிருகத்தை எப்படி எம்.ஆர்.ஐ.க்குள் வைப்பது? மயக்கிப் படுக்க வைக்கலாம். குதிரைக்கு மயக்கம் என்பது நாய்க்கோ மனிதருக்கோ போல இல்லை. பெரிய ஆய்வுகளில், வயிற்று நோய் போன்ற அவசரம் எதுவும் இல்லாத குதிரைகளிலேயே ஏறக்குறைய 100க்கு 1 மயக்கத்தோடு தொடர்புபட்டு இறந்திருக்கிறது. எழும்பும்போது பயந்து உதறி, காலை உடைத்துக்கொள்பவையும் அதில் சேரும். அதனால்தான் நிற்க வைத்தே எடுக்கும் இயந்திரம் செய்தார்கள். அதன் காந்தம் 0.27 டெஸ்லாதான், பலம் குறைவு. குதிரை அரைத் தூக்கத்தில் நிற்க, கவட்டை போன்ற காந்தம் காலைச் சுற்றி நிற்கும். லாடத்தைக் கழற்றி, ஆணித் துண்டு எதுவும் குளம்புக்குள் தங்கியிருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். ஒரு சின்ன இரும்புத் துணுக்குப் போதும், படம் முழுக்கக் கறுத்துவிடும். மருமகனின் வேலை குதிரையின் தலையைத் தாங்கிக்கொண்டு அது ஆடாமல் பார்ப்பது. "மூச்சுக்கூட மெல்லத்தான் விட்டேன் மாமா" என்றான்.

இன்னொரு தடவை அவன் பயந்துபோய் அழைத்தான். குதிரைக்கு அணுக்கதிர் மருந்து ஏற்றியிருக்கிறார்கள், கிட்டப் போகவேண்டாம் என்கிறார்கள் என்றான். அது எலும்பு ஸ்கேன். டெக்னீசியம் 99எம் என்ற பொருளை எலும்பை நாடும் மருந்தோடு சேர்த்து இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். எலும்பு எங்கே தன்னைத்தானே திருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே அது அதிகம் படியும். சில மணி நேரம் கழித்து காமா கமெராவில் அந்த இடம் ஒளிரும். பந்தயக் குதிரையின் இடுப்பு எலும்பிலும் மேல்காலிலும் மயிரிழை வெடிப்பு இருந்தால், எக்ஸ்ரேக்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். அதன் கதிர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும். ஒரு நாள் போனால் பதினாறில் ஒரு பங்குதான். கொட்டிலையும் சிறுநீர் பட்ட வைக்கோலையும் அதுவரை தொடாதே, சொன்ன தூரத்தில் நில், பயப்படாதே என்று விளக்கினேன். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும் என்ற கணக்கைத்தான் என் தொழிலில் உடம்பைக் காக்க நான் நம்பியிருந்தேன். அதை அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

பந்தயத்துக்காகக் குதிரையை வருத்துவது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. 2020 மெல்பேர்ண் கிண்ணப் போட்டியில் அந்தனி வான் டைக் என்ற குதிரை ஓடும்போதே கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. 2021இல் அந்தப் போட்டியில் ஓடிய குதிரைகள் எல்லாவற்றுக்கும் கீழ்க்கால்களில் சி.ரி. எடுத்துப் பார்த்த பிறகே ஓட விட்டார்கள். நொண்டாத குதிரையில் முன்கூட்டியே வெடிப்பைத் தேடுவது அது. அங்கேயும் கேள்வி தெளிவாக இருக்கிறது: எந்த எலும்பு, எந்த இடத்தில் முதலில் களைக்கும் என்று தெரிந்துதான் தேடுகிறார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். அக்கா வீட்டுக்குச் சற்று உள்ளே மாட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒருவரின் காவல் நாய் சாப்பிட்டதைச் சாப்பிட்டபடியே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மெலிந்துபோய், கால்கள் மட்டும் கீழே வீங்கியிருந்தன. அதே டொக்டர்தான் பார்த்தார். வாந்தி வேறு, விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் திரும்புவது வேறு என்று கேட்டுத் தெளிந்துகொண்டு, நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். இதயத்துக்குப் பின்னால், முதுகை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. அதற்கு நேர் மேலே முள்ளந்தண்டின் அடிப்பக்கம் சொரசொரவென்று வளர்ந்திருந்தது.

அது ஒரு புழுவின் வேலை. ஸ்பைரோசேர்கா என்று பெயர், வெப்ப நாடுகளில் காணப்படுவது. நாயின் மலத்தில் முட்டை வரும், சாணி வண்டு அதைத் தின்னும், வண்டைக் கோழியும் பல்லியும் தின்னும். நாய் இவற்றில் எதைத் தின்றாலும் குஞ்சுப் புழு வயிற்றிலிருந்து இரத்தக் குழாய்ச் சுவர் வழியாகப் பெருநாடிக்கு ஏறி, மாதக்கணக்கில் அங்கிருந்துவிட்டு, உணவுக்குழாய்க்குள் புகுந்து முடிச்சுக் கட்டும். முடிச்சு சில வேளை புற்றாக மாறும். மாடும் சாணியும் கோழியும் நாயும் ஒரே முற்றத்தில் வாழ்கிற படுவான்கரையில், விழுங்கியது திரும்பும் நாயைக் கண்டால் இந்தப் புழுவையும் நினைக்க வேண்டும். வசதியுள்ள நாட்டில் சி.ரி. எடுத்தால் பெருநாடிச் சுவரில் படிந்த சுண்ணாம்பும் ஆரம்ப முடிச்சும் தெரியும். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஐந்து மில்லிமீற்றருக்கும் சின்னக் கட்டி தப்பிவிடும், சி.ரி.யில் ஒன்றிரண்டு மில்லிமீற்றரும் அகப்படும். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தாலேயே மாற்றலாம். அந்தக் காவல் நாய்க்கு நேரம் கடந்துவிட்டது. கால் வீக்கம் வந்துவிட்டால் பெரும்பாலும் புற்றாக மாறியிருக்கும் என்றார் டொக்டர். அது சில வாரத்தில் செத்துப்போனது. பட்டிக்காரர் அழுததை நான் பார்த்தேன். இரவில் யானை வந்தால் முதலில் குரைக்கிற நாய் அது.

கிழக்குக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் சி.ரி. என்று சொல்லமாட்டேன். பயிற்சி பெற்ற கையில் ஒரு நல்ல அல்ட்ராசவுண்ட் வேண்டும். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் வள்ளங்களில் மீன் கூட்டத்தைப் பார்க்கும் கருவி இருக்கிறதே, அதே போல ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்குவதுதான் இதுவும். பெண் நாய்க்குத் தீட்டு வந்து போன சில வாரத்தில் தண்ணீர் தாகம் கூடி, சோர்ந்து படுத்தால் கருப்பைக்குள் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே ஒன்றும் வடியாமலும் இருக்கும். அல்ட்ராசவுண்ட் சில நிமிடத்தில் காட்டிவிடும், அன்றே கருப்பையை எடுத்தால் நாய் பெரும்பாலும் பிழைக்கும். வண்டியில் அடிபட்ட நாயின் வயிற்றுக்குள் இரத்தம் சேர்கிறதா, உண்ணிக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியிருக்கிறதா, இதயம் விரிந்திருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரியும். சினைப்பட்ட பசுவுக்கும் அதுவே உதவும். கதிர் இல்லை, மயக்கம் பெரும்பாலும் தேவையில்லை, தூக்கிக்கொண்டு பட்டிக்கே போகலாம். அடுத்தது இலத்திரனியல் எக்ஸ்ரே, அதோடு படத்தை இணையம் வழியாகத் தூரத்து நிபுணருக்கு அனுப்பும் ஏற்பாடு. இவை இரண்டும் ஒழுங்காக நடந்தால் எந்த நாயை பதினெட்டு வளைவு ஏற்ற வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

படத்தோடு வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வதை இங்கும் எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே படத்தை யன்னலில் பிடித்து, போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி விவரம் போய்விடும். எடுத்த இடத்தில் டைகொம் கோப்பாக, அதாவது இயந்திரம் சேமித்த முழு விவரமுள்ள மூலப் படமாக, சீடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அல்ட்ராசவுண்டுக்கு முன் சாப்பாடு நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். வெயிலில் நடத்திக்கொண்டு போகாதீர்கள், மூச்சு வாங்குகிற நாய் காற்றை விழுங்கும், காற்றுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. எக்ஸ்ரே எடுக்கும்போது நாயைப் பிடிக்கச் சொன்னால் ஈயச் சட்டை கேளுங்கள், கையைக் கதிருக்குள் வைக்காதீர்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்கள் அறைக்குள் போகவே கூடாது. நாய் நொண்டத் தொடங்கிய அன்றே, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் அது நடப்பதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியரைக் கண்டதும் பயத்தில் நொண்டலை மறைக்கிற நாய்கள் நிறைய உண்டு. அப்புறம் விசர்த் தடுப்பூசி அட்டை. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டு அடையாள அட்டைகளோடு ஒன்றாக வையுங்கள்.